நெல்லியம்மாளின் இருமலும் யாகூப்பின் அமெரிக்கப் படிப்பும்

கோட்டைமேட்டு யாகூப் இண்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தடவை தேறாமல் போனதற்கு இங்கிலீஷ் தெரியாதது காரணமல்ல. முதல் தடவை, ஏதோ ஒரு பறவையின் பாட்டைப் புகழும் கவிதையைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். "இந்தப் பறவை எங்கள் ஜில்லாவில் கிடையாது. அதன் குரலை நான் கேட்டதில்லை. எனவே கவிஞர் சொல்வது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு வழியில்லை" என்று எழுதினார். மிச்ச நேரத்தில் மண்டபத்தில் எத்தனை தூண்கள், அவற்றில் எத்தனையில் காரை பெயர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை ஒரு ராஜா தனியாகப் புலம்பும் புலம்பல் வந்தது. அந்த அரண்மனையில் அன்றைக்கு யார் சமைத்தார்கள், புலம்பல் முடிகிற வரைக்கும் சோறு ஆறாமல் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டு வந்தார்.

அத்தர் வியாபாரம் செய்துகொண்டிருந்த அவருடைய தகப்பனார் ஷேக் பரீத், மகனைத் திட்டவில்லை. "உனக்குக் கண்ணுக்கு முன்னால இருக்கறதை எண்ணத்தான் வரும். அப்படி ஒரு வேலையாப் பாரு" என்றார். அப்படித்தான் யாகூப், சிங்காநல்லூர் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஒரு நூல் மில்லில் ஸ்டோர் குமாஸ்தாவானார். பாபின், பெல்ட், எண்ணெய், துடைக்கிற துணி எல்லாவற்றுக்கும் அவர்தான் காவல். பதினொரு வருஷம் ஒரு திருகாணி காணாமல் போனதில்லை.

மில் முதலாளி திருமூர்த்திக் கவுண்டர். காங்கேயத்துக்கு அப்பால் மேட்டுக்காடும் மாடுகளும் வைத்திருந்த குடும்பம். பருத்தியில் கொட்டை பிரிக்கும் அரைவை வைத்து, அதிலிருந்து நூல் மில்லுக்கு வந்தவர். கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் வெள்ளைக்காரன் அச்சடித்தது எதுவும் வீண்போகாது என்று உறுதியாக நம்பினார்.

1934-இல் மில்லுக்கு வந்த ஒரு மரப்பெட்டிக்குள், இயந்திர உறுப்புகளுக்கு நடுவே அடிபடாமல் இருக்கத் திணித்திருந்த காகிதங்களோடு, அமெரிக்கப் புத்தகக் கம்பெனி ஒன்றின் பட்டியலும் வந்து சேர்ந்தது. 'தொழில்துறை நிலைமைகள் பற்றிய நூல்கள்' என்று அதில் ஒரு தலைப்பு. கவுண்டரின் மைத்துனரும் மில் மேனேஜருமான தம்பிதுரை அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதில் ஒரு பெயர் கவுண்டர் காதில் தேனாகப் பாய்ந்தது: 'தி டயர்லெஸ் ஸ்பிண்டில்'.

"களைப்பே இல்லாத நூல் கதிருங்க மாமா" என்றார் தம்பிதுரை.

"அப்படி ஒரு கதிர் இருக்குதா? உடனே எழுதிப் போடு."

கூடவே இன்னும் இரண்டு புத்தகங்களுக்கு எழுதினார்கள். ஏழு மாதம் கழித்துக் கொச்சி வழியாகப் பார்சல் வந்தது. மில்லில் இங்கிலீஷை முழுசாகப் படிக்கத் தெரிந்தவர் யாகூப் ஒருவர்தான். கவுண்டர் ஒரு உத்தரவு போட்டார். தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஸ்டோர் குமாஸ்தா யாகூப் அமெரிக்கப் படிப்புப் படித்து, அதன் சாரத்தை முதலாளிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்கென ஒரு நாற்காலியும், 'அமெரிக்கன் செக்‌ஷன்' என்று எழுதிய பலகையும் தயாராயின.

யாகூப் முதல் மூன்று பக்கத்திலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இது கதிரைப் பற்றிய புத்தகமல்ல, கதை. அமெரிக்காவில் ஏதோ ஒரு குளிர்ந்த ஊர். அங்கே ஒரு நூல் மில். அதில் வேலைக்கு வருகிறாள் நெல்லி என்கிற பெண். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எதிரே முதலாளி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பென்சிலும் கையுமாக நின்றார். பலகையின் பெயிண்ட் இன்னும் காயவில்லை. யாகூப் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அமெரிக்காவுல பனி பெய்யுதுங்க மொதலாளி" என்று ஆரம்பித்தார்.

"எத்தனை அங்குலமுங்க பாய்?"

யாகூப் பக்கத்தைப் பார்த்தார். அங்குலக் கணக்கு இருந்தது. அவருக்கே ஆச்சரியம். அந்த ஆசிரியன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மில் கட்டடத்தின் நீளம் அகலம், பஞ்சு அடிக்கிற அறையில் எத்தனை மெஷின், எந்த மெஷினுக்கு எத்தனை ஆள், சாப்பாட்டு மணி அடித்ததும் யார் எந்தத் தூக்குப்போசியைத் திறந்தார்கள், அதில் என்ன இருந்தது, எல்லாம் இருந்தது. பஞ்சுத் தூசி எப்படிப் பறக்கிறது என்பதற்கு மட்டும் நாலு பக்கம். பரீட்சையில் தான் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்ல ஒருவன் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறான் என்பது தெரிந்தபோது யாகூப்புக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே வந்து உட்கார ஆரம்பித்தார்.

கவுண்டருக்கும் பரம திருப்தி. "பாத்தியா தம்பிதொரை, எத்தனை வெவரம்! நம்மாளு எழுதுனா 'ஒரு ஊர்ல ஒரு மில்லு'ன்னு போட்டுப் போயிருவான்" என்றார்.

ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் அமெரிக்க முதலாளி கப்பியை மாற்றி இயந்திரத்தின் வேகத்தை ஏற்றினான். கவுண்டர் உடனே ஃபிட்டர் நஞ்சுண்டனைக் கூப்பிட்டு அதேமாதிரி மாற்றச் சொன்னார். நஞ்சுண்டன் தலையைச் சொறிந்துகொண்டே மாற்றினார். அன்று மத்தியானம் முழுக்க நூல் அறுந்து கொட்டியது. மறுநாள் யாகூப் ஐம்பத்து மூன்றாம் பக்கம் படித்தார். அமெரிக்காவிலும் நூல் அறுந்தது.

கவுண்டர் தொடையில் தட்டினார். "புஸ்தகம் பொய் சொல்லலீங்க பாய்!"

அதற்குப் பிறகு 'இது கதை' என்று சொல்ல யாருக்குத்தான் துணிச்சல் வரும்?

நெல்லிக்கு இருமல் வந்தது எழுபதாம் பக்கத்தில். தூசியும், மூடிய சன்னலும். ஈரக்காற்று வெளியே போனால் நூல் அறும் என்று அந்த முதலாளி சன்னல்களை ஆணியடித்து மூடிவைத்திருந்தான். கவுண்டர் அதுவரை கதிரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து காலையில் மில்லுக்குள் நுழைந்ததும், "புள்ளைக்கு எப்படி இருக்குதுங்க?" என்றுதான் கேட்டார். பாலில் சித்தரத்தை போட்டுக் குடித்தால் கேட்கும் என்றார். அதை அமெரிக்காவுக்கு எழுதச் சொன்னார்.

"யாருக்குங்க மொதலாளி எழுதறது?"

"அந்த மில்லு மேனேஜருக்குத்தான். அவனுக்கு அம்மா அக்கா இல்லையா?"

யாகூப் மூன்று நாள் தவித்தார். கடைசியில், புத்தகக் கம்பெனி விலாசத்துக்கு, சித்தரத்தையின் குணங்களையும் சன்னலைத் திறக்கவேண்டிய அவசியத்தையும் பணிவுடன் விளக்கிக் கடிதம் போட்டார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று அச்சடித்த அட்டை. கவுண்டர் அதற்குக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டினார்.

இதெல்லாம் மில்லுக்குள் பரவாமல் இருக்குமா? நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவு ஸ்டோருக்கு அடுத்த கட்டடம். அங்கே முழுக்கப் பெண்கள். காளியாத்தாள் என்று ஒருத்தி, முப்பது வயசு இருக்கும், ஒண்டிப்புதூர்ப் பக்கமிருந்து நடந்து வருகிறவள். பாபின் வாங்கும் சாக்கில் பதினொரு மணிக்கு வந்து கதவோரம் நிற்பாள். கேட்டதைப் போய் மற்றவர்களுக்குச் சொல்வாள். சொல்லும்போது நடுநடுவே இருமுவாள்.

"ஏனுங்க பாய், நெல்லியம்மாளுக்கு இருமல் நின்னுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க அம்மணி. டாக்டர் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு."

"எத்தனாவது பக்கத்துல பாப்பாருங்க?"

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை பரப்பியிருந்தார்கள். தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் கவுண்டர் எழுந்து பேசினார். அமெரிக்காவில் ஒருவன் பெண்பிள்ளைகளை அடைத்துவைத்து, சன்னலைச் சாத்தி, இரும வைத்து, அதில் நூல் நூற்கிறான் என்றார். "அவனெல்லாம் மனுசனுங்களா? அந்தச் சன்னலைத் தொறந்துட்டா அந்தப்புள்ள பொழைச்சுக்கும். ஆண்டவன் அவனைச் சும்மா உடமாட்டான்!" காற்றே இல்லாத அந்தக் கூடத்தில் எல்லோரும் வியர்வையோடு கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோனியம்மன் கோயிலில் நெல்லி பேருக்கு அர்ச்சனை. அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். யாகூப்பைப் புத்தகத்தில் தேடச் சொல்லி ஆள் வந்தது. 'ஆற்றில் பனிக்கட்டி உடைகிற மாதத்தில், விடிகிற நேரத்தில் பிறந்தவள்' என்று ஒரு வரி அகப்பட்டது. ஜோசியர் ஒருவர் அதை வைத்துப் பங்குனி மாதம், ரேவதி நட்சத்திரம் என்று குறித்துக் கொடுத்தார். குலம் கோத்திரத்துக்காக அர்ச்சகர் "என்ன கூட்டமுங்க?" என்று கேட்டதற்குக் கவுண்டர் கொஞ்சம் யோசித்து, "எங்க கூட்டத்தையே சொல்லிருங்க" என்றார்.

நெல்லி செத்துப்போனது இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில்.

யாகூப் அதை வீட்டில், ஜும்ஆத் தொழுகை முடித்து வந்த ஒரு மத்தியானம் படித்தார். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். அவள் நல்ல வார்த்தை எதுவும் சொல்லிவிட்டுச் சாகவில்லை. தன் இடத்துக்கு நாளைக்கு யாரைப் போடுவார்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி யாகூப்பைப் போட்டு உலுக்கிவிட்டது. மறுநாள் மில்லில் அவரால் சொல்ல முடியவில்லை. ஊரின் ஆற்றை வர்ணித்தார். அதற்கு மறுநாளும் ஆறு. இப்படிப் பதினொரு வேலைநாள் ஆறு ஓடியது. கையில் சரக்குத் தீர்ந்து, கடைசியில் நொய்யலை எடுத்து அமெரிக்காவில் ஓடவிட்டார். கவுண்டர் சந்தேகத்தோடு, "அங்கயும் கரையில நாணல் இருக்குதுங்களா?" என்றார்.

வீட்டில் அவர் மனைவி உம்மல் குல்சும், கணவர் சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து விஷயத்தைக் கறந்தாள்.

"இல்லாத ஒரு பொம்பளை செத்ததுக்கா நீங்க சோறு இறங்காம இருக்கறீங்க?"

"இல்லாதவன்னு அவங்களுக்குத் தெரியாது. செத்துட்டாள்னும் தெரியாது. எதை மொதல்ல சொல்றதுன்னு தெரியலை."

"ரெண்டையும் ஒண்ணாச் சொல்லிப்போடுங்க. ஒண்ணுக்கொண்ணு ஆறுதலா இருக்கும்."

நல்ல யோசனையாகப் பட்டது. மறுநாள் யாகூப் எழுந்து நின்றுகொண்டே சொன்னார். "மொதலாளி, நெல்லி எறந்துபோச்சுங்க. ஆனா நெல்லின்னு ஒருத்தி இல்லவே இல்லைங்க. இது கதைங்க."

கவுண்டர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "துக்கத்துல உங்களுக்கு மனசு கலங்கியிருக்குதுங்க பாய்" என்றார்.

"இல்லீங்க மொதலாளி, நெசமாவே கதைதானுங்க."

"கதைன்னா ராசா இருப்பான், மந்திரி இருப்பான். இதுல எங்கீங்க ராசா? கப்பிக்கு விட்டம் இத்தனைன்னு போட்டு எவனாச்சும் கதை எழுதுவானுங்களா?"

உண்மையில், அதுதான் யாகூப்புக்கே புரியாமல் இருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு மில் சங்கு ஊதியது. நெல்லிக்காக அரைநாள் துக்கம். இயந்திரங்கள் நின்றன. அந்த மௌனம் பழக்கமில்லாததால் சில பேருக்குக் காது வலித்தது. எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள் என்று தம்பிதுரை எதிர்பார்த்தார். ரீலிங் பெண்கள் போகவில்லை. அறுபது பேரும் ஆபீஸுக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கவுண்டர் கைகூப்பிக்கொண்டே வெளியே வந்தார்.

காளியாத்தாள் எழுந்தாள். "சாமி, சன்னலைத் தொறந்திருந்தா நெல்லியம்மா பொழைச்சிருப்பாள்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"ஆமா கண்ணு. பாவி, தொறக்கலையே."

"எங்களுக்கும் தொறந்து உடச் சொல்லுங்க."

கவுண்டருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. "ஏம்மா, அது அமெரிக்கா!"

"இருமல் ஒண்ணுதானுங்களே."

"சன்னலைத் தொறந்தா நூல் அந்துபோகுமல்லோ?"

காளியாத்தாள் யாகூப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த அமெரிக்காக்காரனும் இதையேதானுங்க சொன்னான்? எண்பத்தி நாலாம் பக்கத்துல வருதுங்களே, பாய்?"

எல்லோரும் யாகூப்பைப் பார்த்தார்கள். பொய் சொல்லலாம். ஆனால் எண்பத்து நாலாம் பக்கத்தில்தான் இருந்தது. "ஆமாங்க. மேலே இருந்து ஒம்பதாவது வரி" என்றார் யாகூப். இல்லாததைச் சேர்க்கவும் இருப்பதை விடவும் அவருக்கு வராது.

அன்று சாயந்திரமே தம்பிதுரை அவரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். புத்தகத்தில் உள்ளது மெய்யா, பொய்யா என்று அமெரிக்கன் செக்‌ஷன் குமாஸ்தா எழுத்துமூலம் சான்று தரவேண்டும். பத்து நாள் தவணை.

"பொய்ன்னு எழுதிக் குடுங்க பாய். பிரச்சினை முடிஞ்சுது" என்றார் மேனேஜர் மெதுவாக.

"பொய்ன்னா, மொதலாளி கோயில்ல அர்ச்சனை பண்ணுனதுக்கு ஊரே சிரிக்குமுங்களே?"

தம்பிதுரை யோசித்தார். "அப்ப மெய்ன்னு எழுதுங்க."

"மெய்ன்னா, மொதலாளி ஆயுத பூஜையில திட்டுனது யாரைன்னு ஆயிருமுங்களே?"

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "பத்து நாள் பத்தாதுங்களா?" என்று கேட்டார்.

பத்து நாளும் யாகூப் வேறு வேலை பார்க்கவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரீலிங் பிரிவுக்குள் போனார். ஸ்டோரில் இருந்துகொண்டு பாபினை எண்ணியவர், பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தார். அமெரிக்காக்காரன் எண்ணியதையெல்லாம் எண்ணினார். சன்னல்கள் இருபத்திரண்டு, திறந்தது ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் காளியாத்தாள் பதினான்கு தடவை இருமினாள். அவளுக்கு இடப்பக்கத்தில் இருந்த ராமாமணி ஒன்பது தடவை. தூக்குப்போசிகளில் கம்மஞ்சோறு, சிலதில் வெறும் மோர். தூசியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த ஆசிரியனுக்கு நாலு பக்கம் ஏன் தேவைப்பட்டது என்று புரிந்தது. யாகூப்புக்கு ஐந்து பக்கம் ஆயிற்று.

பதினோராம் நாள் இருபத்தேழு பக்க அறிக்கையைக் கொடுத்தார். கடைசி வரி: 'நெல்லி என்று யாரும் இல்லை. அவளுடைய இருமல் நம்முடைய மில்லில் இருக்கிறது.'

கவுண்டர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இது தமிழில் இருந்ததால் இடையில் எதுவும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும், "எத்தனை சன்னலுன்னு சொன்னீங்க?" என்றார். "இருபத்திரெண்டுங்க." "நான் கட்டுன மில்லு. எனக்கே தெரியாதுங்க பாய்" என்றார்.

மறுநாள் கிழக்குப் பக்கச் சன்னல்கள் பதினொன்று திறக்கப்பட்டன. மேற்குப் பக்கத்தைத் திறக்கக் கூடாது என்று தம்பிதுரை பிடிவாதமாக நின்றுவிட்டார். பாதி புத்தகம்தான் மெய் என்பது அவர் வாதம். நூல் கொஞ்சம் அதிகமாகத்தான் அறுந்தது. அமெரிக்கன் செக்‌ஷன் பலகை கழற்றப்பட்டது. யாகூப்பின் அறிக்கையை 'மராமத்து: சன்னல்' என்ற காகிதக் கட்டுக்குள் வைத்துக் கட்டினார்கள். காளியாத்தாள் ஒரு வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டுப் பெருந்துறைப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய் ஆடு மேய்த்தாள். இருமல் குறைந்தது என்று சிலரும், இல்லை என்று சிலரும் சொன்னார்கள். யாகூப் ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்ன கண்டார் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

படிப்பு நின்றதிலிருந்து கவுண்டருக்குப் பதினொரு மணி ஆனால் கை பரபரத்தது. நாலு மாதம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. யாகூப்பைத் தன் பங்களாவுக்கு வரச்சொல்லி, மீதி இருந்த இரண்டு புத்தகங்களும் எதைப் பற்றியவை என்று கேட்டார். ஒன்று துணிக்கடைச் சிப்பந்திகளைப் பற்றியது. இன்னொன்று கடலில் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றியது.

"மீனையே எடுங்க. நம்ம சீமையில கடலே கெடையாது. யாருக்கும் கேடு வராது" என்றார் கவுண்டர் நிம்மதியாக.

முதல் இரண்டு நாள் அலையும் வலையும் நன்றாகவே போயின. மூன்றாம் நாள், கவுண்டரின் காங்கேயத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு ஓட்டி, விளைச்சலில் அவருக்குப் பங்கு அளக்கும் பொங்கியண்ணன் தேங்காய் மூட்டையோடு வந்து, முதலாளி பேசி முடிக்கட்டும் என்று வாசற்படியருகில் குந்தியிருந்தான். யாகூப், ஒரு கிழவன் விடியுமுன் எழுந்து கடலுக்குப் போவதையும், பிடித்த மீனில் முக்கால் பங்கைக் கரையில் இறக்கிவைப்பதையும் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்று குரல் கொடுத்தான் பொங்கியண்ணன். "படகு அந்த மனுசனுது இல்லீங்களா?"

கவுண்டர் சட்டென்று கையை உயர்த்தினார். "சித்தெ நிறுத்துங்க பாய்."

யாகூப் நிறுத்தினார். பொங்கியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்து, அதன்மேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"இருக்கட்டுங்க சாமி, படிக்கச் சொல்லுங்க. அப்பறம் அந்த மனுசன் என்ன பண்ணுனானுங்க?"

கவுண்டர் அவனைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். இன்னும் முந்நூறு பக்கம் இருந்தது. வெற்றிலைச் செல்லத்தை இழுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரையும் பார்க்காமல், "படிங்க" என்றார்.

யாகூப் பக்கத்தைத் திருப்பினார்.